வானத்தில் ஒரு வழக்கு

2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று பௌர்ணமி. மாலை மணி ஆறே முக்காலைக் கடந்து சில நிமிஷங்களே ஆகியிருந்தன. தமிழ் நாட்டிலே வீடுகளில் விளக்கேற்றி முடிந்து, கீழ்வானில் முழு நிலவு எழும்பியிருந்த வேளை. அவ்வேளையில் நம் தலைக்கு மேலே, உச்சியிலிருந்து சற்றே வடமேற்காக, ஆகாயத்தின் ஒரு புள்ளியிலிருந்து காமா கிரணங்களின் பெருவெள்ளம் ஒன்று பூமியின் மீது வந்து மோதிற்று. அதன் உக்கிரம் சில நிமிஷங்கள் நீடித்தது. நம்மில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. கண்ணுக்குப் புலனாகாத அக்கிரணங்களைப் பூமியின் காற்று மண்டலமே தடுத்துக் காத்தது. ஆயினும், ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல் வாயு மண்டலம் அந்த மோதலினால் கலங்கிற்று என்பதைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன.

அக்கிரணங்கள் புறப்பட்டது ஏறக்குறைய 200 கோடி வருஷங்களுக்கு முன்பு. அப்போது இந்தப் பூமியில் மனிதனுமில்லை, மிருகமுமில்லை, நுண்ணுயிர்களே இருந்தன. எங்கோ ஒரு பெரிய நக்ஷத்திரம் தன் பாரத்தைத் தாங்க மாட்டாமல் உள்ளே சரிந்து மாண்டது. அந்த மரணச் செய்தி 200 கோடி வருஷம் பிரயாணம் செய்து நம் வாசலுக்கு வந்தது, சில நிமிஷங்கள் கதவைத் தட்டியது, போய்விட்டது. இதுவரை பதிவான இத்தகைய வெடிப்புகளில் இதைப் போல் பிரகாசமானது வேறில்லை. பதினாயிரம் வருஷத்துக்கு ஒரு முறைதான் இப்படிப்பட்டது பூமிக்கு எட்டும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சில நிமிஷங்களே தட்டிவிட்டுப் போன விருந்தாளி இன்னார், இன்ன ஊரிலிருந்து வந்தார் என்று எப்படித் தெரிந்தது? இக்கேள்விக்குரிய விடைதான் இன்று நாம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்பும் விஷயம். விடை கிடைக்க உலகத்துக்கு முப்பது வருஷங்கள் பிடித்தன. அம்முப்பது வருஷங்களின் சரித்திரம், ஒரு செய்தியை ஒருவர் வைத்திருப்பதற்கும் எல்லோருக்கும் உடனே சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தின் சரித்திரமாகும். வான சாஸ்திரத்தோடு நிற்காமல் பொது வாழ்விலுள்ள எவருக்கும் பயன்படக்கூடிய பாடம் அதில் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

சந்தேகத்தில் பிறந்த உண்மை

1963-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி மாஸ்கோ நகரில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ரஷ்யாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. காற்று மண்டலத்திலும், நீருக்கடியிலும், வான வெளியிலும் அணுகுண்டுப் பரீக்ஷை செய்வதில்லை என்பது அதன் ஷரத்து. கையெழுத்தின் மை உலருமுன்பே ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். எதிரி சந்திரனுக்குப் பின்னால் போய்க் குண்டு வெடித்தால் யார் கண்டது? இந்தச் சந்தேகத்துக்குப் பரிகாரமாக, அவ்வருஷம் அக்டோபர் மாதம் முதற்கொண்டு அமெரிக்க அரசாங்கம் 'வேலா' என்னும் காவல் உபக்கிரகங்களை ஜோடி ஜோடியாக ஏவியது. பூமியிலிருந்து லக்ஷம் கிலோமீட்டருக்கும் அப்பால் நின்று, அணுகுண்டு வெடித்தால் எழும் காமா கிரணங்களுக்காக அவை இரவு பகலாகக் காத்துக் கிடந்தன.

1967-ம் வருஷம் ஜூலை மாதம் 2-ந் தேதி அந்தக் கருவிகள் துடித்தன. முதலில் கூரிய ஒரு பாய்ச்சல். பிறகு இரண்டொரு விநாடி நீடித்த மற்றோர் எழுச்சி. அணுகுண்டின் அடையாளம் அப்படியிராது. லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ரே கிளெபசேடல், ராய் ஓல்சன் ஆகிய இருவரும் பழைய பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கையில், 1969-ல்தான் இது அவர்கள் கண்ணில் பட்டது. குண்டுமல்ல, சூரியனில் எழுந்த கொந்தளிப்புமல்ல என்ற அளவுக்கு மேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. அதைக் கோப்பிலே சேர்த்துவிட்டு, இன்னும் நுட்பமான காலக் கணக்கு வைக்கும் உபக்கிரகங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

காலக் கணக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஒளி ஒரு விநாடியில் மூன்று லக்ஷம் கிலோமீட்டர் செல்கிறது. இரண்டு உபக்கிரகங்கள் பூமிக்கு இருபுறத்திலும் இரண்டு லக்ஷம் கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்குமானால், கிரணங்கள் முதலில் ஒன்றைத் தொட்டு, ஒரு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் மற்றொன்றைத் தொடும். முந்தியது எது, பிந்தியது எது, எவ்வளவு பிந்தியது என்று அளந்தால், கிரணங்கள் வந்த திசை ஒருவாறு புலப்படும். இரண்டு கிராமங்களில் இடி கேட்ட நேரத்தை ஒப்பிட்டு, மேகம் எந்தப் பக்கம் இருந்தது என்று ஊகிப்பது போன்றதே இது.

இவ்வாறு பதினாறு வெடிப்புகளைத் திரட்டிக்கொண்டு, இயன் ஸ்டிராங் என்பவரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் 1973-ம் வருஷம் ஜூன் மாதம் தமது கண்டுபிடிப்பைப் பிரசுரித்தார்கள். அவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று நிலைநாட்டினார்கள். தக்க சாட்சியமில்லாமல் வழக்குத் தொடுப்பதில்லை என்ற அவர்களுடைய நிதானத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் முதல் துடிப்புக்கும் முதல் பிரசுரத்துக்கும் இடையே ஆறு வருஷங்கள் கழிந்தன என்பதையும் மறக்கலாகாது. இடையில் எந்த டெலஸ்கோப்பும் அத்திசையை நோக்கித் திரும்பவில்லை. திரும்பச் சொல்ல ஆளில்லை. திரும்பியிருந்தாலும் அங்கே காண எதுவும் மிஞ்சியிராது.

இடம் தெரியாத வழக்கு

நீதிமன்றத்தில் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். சம்பவம் நடந்தது உண்மை. ஆனால் நடந்த இடம் தெரியாது என்றால், அந்த வழக்கு ஒரு படிகூட நகராது. காமா வெடிப்புகளின் நிலை கால் நூற்றாண்டுக் காலம் இதுவாகவே இருந்தது. அடுத்த தெருவில் எரிந்த தீக்குச்சியும், நூறு மைலுக்கப்பால் எரிந்த காடும், இருட்டில் நிற்பவன் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றக்கூடும். தூரம் தெரிந்தாலன்றி, எரிந்தது குச்சியா, காடா என்று சொல்ல முடியாது. இதனால், நூற்றுக்கும் மேற்பட்ட கொள்கைகள் கிளம்பின. சூரிய மண்டலத்தின் ஓரத்திலேயே நடப்பவை என்று ஒருவர் சொன்னார். பிரபஞ்சத்தின் கோடியில் நடப்பவை என்று மற்றொருவர் சொன்னார்.

டெலஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்துவிடுவதுதானே என்றால், எங்கே திருப்புவது? காமா கிரணங்களைச் சாதாரண ஆடியாலோ வில்லையாலோ குவிக்க முடியாது. ஆதலால், அவை வந்த திசையை ஏகதேசமாகவே கூற முடிந்தது. அந்த ஏகதேசத்துக்குள் ஆயிரக்கணக்கான நக்ஷத்திரங்கள் அடங்கிவிடும். திசையைக் கணக்கிட்டு அறிவிப்பதற்குள் நாட்கள் கழிந்துவிடும்.

1991-ம் வருஷம் ஏப்ரல் மாதம் காம்ப்டன் என்ற பெரிய உபக்கிரகம் ஏவப்பட்டது. அதன் எட்டு மூலைகளிலும் எட்டுக் காமா கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்பது வருஷங்களில் அது 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று. அவற்றை ஆகாயப் படத்தில் குறித்துப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. திருட்டுகளெல்லாம் ஒரே தெருவில் நடந்தால், திருடன் அத்தெருவில் இருக்கிறான் என்று ஊகிக்கலாம். வெடிப்புகள் நமது நக்ஷத்திர மண்டலத்தைச் சேர்ந்தவையானால், வானத்தில் ஆற்றைப் போல் ஓடும் ஆகாச கங்கையின் ஓரமாக அவை கூடியிருக்க வேண்டும். அப்படிக் கூடவில்லை. எல்லாத் திக்குகளிலும் சமமாக இறைந்து கிடந்தன.

அப்போதும் வழக்குத் தீரவில்லை. 1995-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி வாஷிங்டன் நகரில் சபை கூட்டி வாதிட்டார்கள். வெடிப்புகள் கோடானு கோடி மைல்களுக்கு அப்பால், வேறு நக்ஷத்திர மண்டலங்களில் நடப்பவை என்பது போலந்து தேசத்தவரான போதான் பாச்சின்ஸ்கியின் கட்சி. நமது மண்டலத்தைச் சூழ்ந்த வெளிவட்டத்திலேயே நடப்பவை என்பது டொனால்டு லேம்பின் கட்சி. பிரிட்டிஷ் வான சாஸ்திரி மார்ட்டின் ரீஸ் அக்கிராசனம் வகித்தார். இரு பக்கத்திலும் வாதங்கள் வலுவாயிருந்தன. ஆனால் வாதம் எவ்வளவு சாமர்த்தியமாயிருந்தாலும் சாட்சிக்கு ஈடாகாது. சாட்சி இரண்டு வருஷங்களுக்குள் வந்து சேர்ந்தது.

சாட்சி கூண்டேறியது

இத்தாலியரும் டச்சுக்காரரும் கூடி 1996-ல் ஏவிய 'பெப்போ சாக்ஸ்' என்ற உபக்கிரகம், காமா கிரணங்களோடு எக்ஸ் கிரணங்களையும் காணவல்லது. எக்ஸ் கிரணங்களால் இடத்தை இன்னும் நுட்பமாகக் குறிக்க முடியும். 1997-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி ஒரு வெடிப்பு எழுந்தது. பணியிலிருந்தவர்கள் காலந்தாழ்த்தாமல் உபக்கிரகத்தையே அத்திசைக்குத் திருப்ப ஏற்பாடு செய்தார்கள். எட்டு மணி நேரத்தில் அது திரும்பிப் பார்த்தது. வெடிப்பு ஓய்ந்த இடத்தில் எக்ஸ் கிரணங்கள் இன்னும் கனன்று கொண்டிருந்தன. அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலுக்குள் நெருப்பு இருக்குமல்லவா? அதைப் போன்றது இது. இதற்குப் 'பின்னொளி' என்று பெயர்.

இடம் தெரிந்ததும் சகாக்களுக்குச் சொன்னார்கள். டச்சு விஞ்ஞானி யான் வான் பாராதெய்ஸின் குழுவினர், அட்லாண்டிக் சமுத்திரத்தில் லா பால்மா தீவிலுள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் டெலஸ்கோப்பைக் கொண்டு, வெடிப்பு நடந்து 21 மணி நேரத்துக்குள் அவ்விடத்தைப் படம் பிடித்தார்கள். எட்டு நாட்கள் கழித்து மறுபடி படம் பிடித்தார்கள். முதல் படத்தில் இருந்த ஓர் ஒளிப்புள்ளி, இரண்டாவது படத்தில் காணாமற் போயிருந்தது. முப்பது வருஷ காலம் உலகம் தேடிய தடயம் அதுவே.

அடுத்த மே மாதம் 8-ந் தேதி மற்றொரு வெடிப்பு. இம்முறை ஹவாய்த் தீவின் மலையுச்சியிலுள்ள 10 மீட்டர் கெக் டெலஸ்கோப்பினால் பின்னொளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒளி வரும் வழியிலே வாயுக்கள் இருந்தால், அவை சில நிறங்களை உறிஞ்சிக் கறுப்புக் கோடுகளை விட்டுவைக்கும். பிரபஞ்சம் விரிந்து வருவதால், தூரம் அதிகமாக ஆக அக்கோடுகள் சிவப்புப் பக்கமாக நகர்ந்து தோன்றும். நகர்ச்சியின் அளவு 0.835 என்று கண்டார்கள். அதாவது, அந்த ஒளி குறைந்தது 700 கோடி வருஷங்கள் பிரயாணம் செய்திருந்தது. பாச்சின்ஸ்கியின் கட்சி ஜயித்தது. எரிந்தது தீக்குச்சியல்ல, காடு என்பது தீர்ப்பாயிற்று. அந்த அளவையைச் செய்த குழுவில், மகாராஷ்டிரத்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணிபுரியும் ஸ்ரீநிவாஸ் குல்கர்ணியும் ஒருவர் என்பதை நேயர்கள் அறிந்து மகிழ்வார்கள்.

தூரம் தெரிந்ததும் காரணம் தெளிவாகத் தொடங்கியது. சூரியன் தன் ஆயுளாகிய ஆயிரம் கோடி வருஷத்தில் வெளியிடும் சக்திக்கு ஒப்பானதை இவ்வெடிப்புகள் சில விநாடிகளில் கொட்டிவிடுகின்றன. பெரிய நக்ஷத்திரம் சரிந்து கருங்குழியாகும்போது, இரு துருவங்களின் வழியாகவும் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் இரு குறுகிய தாரைகள் பீறிட்டுக் கிளம்புகின்றன. தாரை நம்மை நோக்கியிருந்தால் மட்டுமே நமக்கு வெடிப்புத் தெரியும். இரண்டு விநாடிக்கு மேல் நீடிப்பவை பெரும்பாலும் இவ்வகை. அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் வேறொரு வகை. அதைப் பின்னர் கூறுவோம்.

கூக்குரலின் அவசியம்

பின்னொளி மணிக்கு மணி மங்குகிறது. ஆகவே இது ஓட்டப் பந்தயமாயிற்று. திருடனைக் கண்டவன் வீட்டுக்குள் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கலாகாது. தெருவில் நின்று கூக்குரலிட வேண்டும். கேட்டவர்களெல்லாம் ஓடி வர வேண்டும் என்பது பழைய இங்கிலாந்தின் சட்டம். வான சாஸ்திரிகள் அச்சட்டத்தைத் தாமே தமக்கு விதித்துக்கொண்டார்கள். காம்ப்டன் உபக்கிரகம் இருந்த காலத்திலேயே, அதன் பதிவை விநாடிக் கணக்கில் உலகெங்கும் அறிவிக்கும் ஓர் ஏற்பாட்டை ஸ்காட் பார்தெல்மி என்ற விஞ்ஞானி உண்டாக்கினார். அதுவே வளர்ந்து இன்று சர்வதேச அறிவிப்பு வலையாக விளங்குகிறது. எந்தத் தேசத்து உபக்கிரகம் கண்டாலும், மனிதக் கை படாமலே செய்தி பறக்கிறது. பார்த்தவர்கள் தாம் கண்டதைச் சில வரிகளில் எழுதிச் சுற்றறிக்கையாக அனுப்புகிறார்கள். 2022-க்குள் அச்சுற்றறிக்கைகள் 30,000-ஐத் தாண்டிவிட்டன. யாரும் படிக்கலாம், கட்டணமில்லை, சந்தாதாரராக வேண்டிய நிர்ப்பந்தமுமில்லை.

இதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. 1999-ம் வருஷம் ஜனவரி மாதம் 23-ந் தேதி எழுந்த வெடிப்பை, செய்தி கிடைத்துத் தானே திரும்பும் ஒரு சிறு யந்திரம் 22 விநாடிகளுக்குள் படம் பிடித்தது. அது சாதாரணப் புகைப்படக் கருவிகளின் வில்லைகள் நான்கைச் சேர்த்துக் கட்டியது. அது நின்ற இடம் அதே லாஸ் அலமாஸ். முதல் வெடிப்பைக் கோப்பில் வைத்து ஆறு வருஷம் காத்திருந்த ஊரிலேயே, முப்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 22 விநாடியில் காரியம் நடந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

2004-ம் வருஷம் நவம்பர் மாதம் ஏவப்பட்ட 'ஸ்விப்ட்' உபக்கிரகம், காமா கிரணங்களைத் துளைகளிட்ட ஒரு தகட்டின் வழியே விடுகிறது. தகட்டின் நிழல் எப்படி விழுகிறது என்பதைக் கொண்டு திசையைக் கணித்து, பூமியிலிருந்து உத்தரவுக்குக் காத்திராமல், ஒன்றிரண்டு நிமிஷங்களுக்குள் தன் எக்ஸ் கிரண டெலஸ்கோப்பை அங்கே திருப்பிவிடுகிறது. கையோடு உலகத்துக்கும் சொல்லிவிடுகிறது.

இங்கே மனிதர்களின் தியாகம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பெரிய டெலஸ்கோப்புகளில் ஓர் இரவு கிடைப்பது எளிதல்ல. விஞ்ஞானிகள் மாதக் கணக்கில் முன்னதாக மனுச் செய்து, போட்டியிட்டு, முறை பெறுகிறார்கள். வெடிப்புச் செய்தி வந்ததும், முன்கூட்டியே வகுத்த விதிப்படி, அன்றிரவு முறை பெற்றவர் தம் வேலையை நிறுத்தி டெலஸ்கோப்பைப் பிறருக்கு விட்டுக் கொடுக்கிறார். தம்முடைய நக்ஷத்திரம் நாளைக்கும் இருக்கும். இது இருக்காது என்பதே நியாயம். இந்த நியாயத்துக்குத் தலைவணங்கும் பழக்கம் இல்லையெனில், எத்தனை உபக்கிரகங்கள் ஏவினாலும் பயனில்லை.

2008-ம் வருஷம் மார்ச் மாதம் 19-ந் தேதி நடந்ததையும் கேளுங்கள். நக்ஷத்திரங்களின் பிரகாசத்தை அளக்கும் முறையை வகுத்தவர் நார்மன் போக்ஸன். பின்னாளில் சென்னை வானிலைக் கூடத்தின் தலைவராயிருந்து இங்கேயே காலமானவர். அம்முறையில், இருண்ட இரவில் சாதாரணக் கண்ணுக்குத் தெரியும் எல்லை ஏறக்குறைய 6. அன்றைய வெடிப்பின் ஒளி 5.3 வரை ஏறிற்று. 750 கோடி வருஷப் பிரயாணம் செய்த ஒளியை, அந்த அரை நிமிஷ நேரம் அண்ணாந்து பார்த்தவன் வெறுங்கண்ணால் கண்டிருக்கலாம்! சிலி தேசத்திலிருந்த இரு தானியங்கிக் கருவிகள் அதை ஆரம்ப முதல் படம் பிடித்தன. அரை மணிக்கு முன் அதே பக்கத்தில் எழுந்த வேறொரு வெடிப்பைத் தேடி அவை அங்கே ஏற்கெனவே கண் வைத்திருந்தன. கடமையைச் செய்துகொண்டிருப்பவனைத்தான் அதிர்ஷ்டமும் தேடி வருகிறது.

எழுபது சாட்சிகள்

குறுகிய வகையின் ரகசியம் 2017-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி வெளிப்பட்டது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகள், வெளியையே அசைத்துச் செல்லும் ஈர்ப்பு அலை ஒன்றை உணர்ந்தன. அலை ஓய்ந்து 1.7 விநாடியில் 'பெர்மி' உபக்கிரகம் சிறு காமா வெடிப்பைக் கண்டது. நியூட்ரான் நக்ஷத்திரங்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து மோதி ஒன்றாயின என்பது அதன் பொருள். எங்கே? அமெரிக்கக் கருவிகள் இரண்டும் பலமாகக் கேட்டன. இத்தாலியக் கருவி ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே சாட்சியாயிற்று. அந்தக் கருவியின் காது மந்தமாயிருக்கும் திசையிலிருந்துதான் அலை வந்திருக்க வேண்டும் என்று கண்டு, தேட வேண்டிய வான்பரப்பை வெகுவாகச் சுருக்கினார்கள். சிலி தேசத்தில் இரவு வந்ததும், ஒரு மீட்டர் அகலமே உள்ள ஸ்வோப் டெலஸ்கோப் 13 கோடி ஒளி வருஷத் தூரத்திலுள்ள ஒரு மண்டலத்தில் புதிய ஒளியை முதலில் பிடித்தது. உடனே உலகுக்கு அறிவித்தது. சுமார் எழுபது வானாராய்ச்சி நிலையங்கள் அந்த ஒரு புள்ளியை நோக்கித் திரும்பின. தங்கம் முதலான கனத்த உலோகங்கள் இத்தகைய மோதல்களில் உண்டாகின்றன என்பதற்குச் சான்று கிடைத்தது. நம் பெண்மணிகள் அணியும் தாலிப் பொன்னில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பழைய மோதல்களில் பிறந்ததாயிருக்கலாம்.

இனி, நாம் ஆரம்பித்த 2022-ம் வருஷத்து மாலைக்குத் திரும்புவோம். பெர்மி உபக்கிரகம் அன்று வெடிப்பைப் பதிவு செய்தபோது, ஸ்விப்ட் உபக்கிரகத்துக்குப் பூமியே குறுக்கே நின்று மறைத்திருந்தது. ஏறக்குறைய 53 நிமிஷம் கழித்து அது பின்னொளியைக் கண்டது. இடம் ஆகாச கங்கைக்கு அருகிலிருந்ததால், நமது மண்டலத்துக்குள்ளேயே தோன்றிய ஏதோ புதுப்பொருள் என்று எண்ணி, அவ்விதமே அறிவித்தார்கள். இரு செய்திகளும் எல்லோர் பார்வையிலும் இருந்தபடியால், இரண்டும் ஒன்றே என்று சில மணி நேரத்துக்குள் கண்டுகொண்டு, பிழையைத் தாமே திருத்தி வெளியிட்டார்கள். ஒரு நாளுக்குள் சிலியிலுள்ள பெரிய ஐரோப்பிய டெலஸ்கோப் தூரத்தை அளந்துவிட்டது. பிழை செய்யாதவர் எவருமில்லை. பிழை ஒருவர் பெட்டிக்குள் இருந்தால் வருஷக் கணக்கில் வாழும். நாலு பேர் நடுவே வைத்தால் அன்றே சாகும்.

நமது பங்கு

பூமி சுழல்கிறது. சிலியில் இரவு முடியும்போது ஹவாயில் இரவு இருக்கிறது. அங்கே விடியும்போது ஆஸ்திரேலியாவிலும், பிறகு இந்தியாவிலும் இரவு வருகிறது. மங்கும் பின்னொளியை இடைவிடாமல் தொடர வேண்டுமானால், ஒவ்வொரு தேசமும் தன் இரவைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு செல்வமுள்ள தேசமானாலும் மற்றொரு தேசத்தின் இரவைத் தன் மண்ணுக்குக் கொண்டுவர முடியாது. இந்த ஒரு பொருளில் உலகத்தார் அனைவரும் சமமான செல்வர்கள்.

இந்தியாவின் இரவு வீணாகவில்லை என்று கூறுவதில் மகிழ்கிறோம். லடாக்கிலே, 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லே என்ற குளிர்ப் பாலைவனத்தில், 2000-ம் வருஷம் முதல் 2 மீட்டர் டெலஸ்கோப் ஒன்று வேலை செய்து வருகிறது. கர்நாடகத்தில் ஹொஸகோட்டையில் உட்கார்ந்தபடியே அதை இயக்குகிறார்கள். அதற்குச் சந்திரா என்று பெயர். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்து, 1930-ல் கப்பலில் இங்கிலாந்து செல்லும் வழியில், ஓர் எல்லைக்கு மேல் பாரமுள்ள நக்ஷத்திரம் அமைதியாக அடங்க முடியாது என்று கணக்கிட்ட சந்திரசேகரின் பெயர் அது. சாகும் நக்ஷத்திரங்களைத் தொடரும் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. அதன் அருகே 2018-ல் 70 சென்டிமீட்டர் அகலமுள்ள தானியங்கி டெலஸ்கோப்பும் அமைந்தது. 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய 'ஆஸ்ட்ரோசாட்' உபக்கிரகம் நூற்றுக்கணக்கான வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. 2022-ம் வருஷத்து வெடிப்பையும் ஹான்லேயின் சிறு டெலஸ்கோப் தொடர்ந்து பார்த்து, தன் கணக்கை உலகச் சுற்றறிக்கையில் சேர்த்தது. ஹான்லே ஏறக்குறைய நமது தஞ்சைக்கு நேர் வடக்கே உள்ளது. நாம் உறங்கும் வேளையில் அது நமக்காக விழித்திருக்கிறது.

இதனால் ஏழையின் வயிறு நிறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். நிறையாது என்றே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிறர் கண்டதைக் கேட்டு வியக்கும் ஜன சமூகம் வேறு. தானும் கண்டு தன் வரியையும் அதில் சேர்க்கும் ஜன சமூகம் வேறு. அவ்வரியைச் சேர்ப்பதற்கு எப்போதும் மாபெரும் கருவி தேவையில்லை. படமெடுக்கும் வில்லைகள் நான்கும், ஒரு மீட்டர் கண்ணாடியும், 70 சென்டிமீட்டர் கண்ணாடியும் என்ன சாதித்தன என்பதை மேலே பார்த்தோம். விழிப்பும், பயிற்சியும், செய்தி வந்த கணத்தில் எழுந்து நிற்கும் சித்தமுமே முக்கியம். ஹான்லேயில் 2022 டிசம்பரில் இருள்வானச் சரணாலயம் ஏற்பட்டபோது, அங்குள்ள கிராமத்தார் தங்கள் விளக்குகளின் ஒளியைக் கட்டுப்படுத்த இசைந்தார்கள். அவர்களும் இந்த வழக்கில் சாட்சிகளே.

நமது வேண்டுகோள் இரண்டு. சர்க்கார் இத்தகைய கருவிகளைப் புதிதாக நிறுவும் உற்சாகத்தோடு நின்றுவிடாமல், நிறுவியவற்றை இரவு தவறாமல் இயக்கும் ஆட்களுக்கும் தொடர்ந்து பொருள் ஒதுக்க வேண்டும். ஒரே ஓர் இரவு கண் மூடினால், அந்த இரவில்தான் பதினாயிரம் வருஷத்து விருந்தாளி வந்து போகக்கூடும். இரண்டாவது, வான வெளியில் வல்லரசுகளின் போட்டி மீண்டும் மூண்டு வரும் இக்காலத்தில், காண்பதை உடனே எல்லோருக்கும் சொல்லும் இந்த வழக்கத்தை எக்காரணத்தாலும் கைவிடக் கூடாது என்று இந்தியா எந்தச் சபையிலும் உறுதியாக நிற்க வேண்டும்.

ஒருவரையொருவர் வேவு பார்ப்பதற்காக ஏவிய கருவி, ஒருவருக்கும் விரோதமில்லாத ஓர் உண்மையைக் கண்டுவந்து கொடுத்தது. அதைப் புரிந்துகொள்ள, வேவு பார்ப்பதை விட்டு ஒருவருக்கொருவர் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பாடத்தை உலகம் ஆகாய விஷயத்தில் மட்டுமாவது கற்றிருக்கிறது. பூமியின் விஷயத்திலும் கற்கும் நாள் வர வேண்டுமென்பதே நமது பிரார்த்தனை.